மொட்டைப்பேனா இன்னிக்கு வந்தாரா?

இல்ல தம்பி, உக்கார மாட்டேன். உக்காந்தா ஒரு டம்ளர் தண்ணியக் குடுத்து, பாக்கறோம்மான்னு சொல்லி அனுப்பிடுவீங்க. கீழ இருந்த செக்யூரிட்டி மாடிக்குப் போகச் சொன்னாரு, மாடியில இருந்த பொண்ணு உங்களைக் கை காட்டுச்சு. இந்தப் பத்திரிகையோட வெப்சைட்டை மாத்தினது நீங்கதானே? ஆங், நல்லா இருங்க.

அழகா இல்லன்னு நான் சொன்னேனா? அழகாத்தான் இருக்கு. அழகை வச்சு நான் என்ன பண்றது? வெள்ளையில சாம்பல் கலர்ல எழுத்து, கண்ணாடி போட்டும் தெரியல. மூலையில மூணு கோடு போட்டிருக்கீங்களே, அதைத் தொட்டா என்னென்னவோ கொட்டுது. ஒரு பொம்மை வந்து கைய ஆட்டுது, எப்படி உதவட்டும்னு கேக்குது. பட்டியலைக் காணோமேன்னு எழுதினா, உங்கள் கருத்துக்கு நன்றிங்குது. அட போடா!

நான் தையல் கடை வச்சிருக்கேன். ஒருத்தர் அறுந்த பட்டனை வச்சுக் குடுன்னு சட்டையக் குடுத்தா, பாக்கெட்டைப் பிரிச்சு முதுகுல தச்சுக் குடுப்பேனா? கேட்டாங்களா உங்ககிட்ட?

எந்தப் பட்டியலா? சரியாப் போச்சு. குறுக்கெழுத்துப் போட்டி தம்பி. தினம் முடிச்சவங்க பேரு வலது பக்கம் வரிசையா வருமே, யாரு முந்தின்னு. நான் ஊசிமுனை. காலையில கடையத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுட்டு, முதல்ல அதைத்தான் பாப்பேன். எனக்கு மேல எப்பவும் ஒரே ஆளு. மொட்டைப்பேனா. வருஷக்கணக்கா அந்தாளை ஜெயிக்க முடியல. தப்பித்தவறி ஒரு நாள் நான் முந்தினா மறுநாள் வெறியா வந்து முந்திடுவாரு. அப்படி ஒரு வீம்பு.

தூக்கிட்டீங்க. யாரும் பாக்கறதில்லன்னு யாரு சொன்னா? நான் பாக்கறேனே!

பேரெல்லாம் உள்ள இருக்குமில்ல, உங்க கம்ப்யூட்டர்ல? அதைத் திறந்து மொட்டைப்பேனா இன்னிக்கு வந்தாரான்னு மட்டும் பாருங்க. நேத்தாவது வந்தாரான்னு பாருங்க. வெளிய சொல்லக்கூடாதா? நீங்க எதுக்குச் சொல்லணும்? பேரை நான் சொல்லிட்டேன், நீங்க தலைய ஆட்டுங்க, போதும்.

ஏன் இவ்ளோ அவசரமா? அந்தாளு கொஞ்ச நாளா சரியில்ல. முதல்ல இருந்தவரு கீழ கீழ போயிட்டிருந்தாரு. உதவின்னு ஒரு பட்டன் இருக்குமே, அதை அமுக்கினா பேருக்குப் பக்கத்துல சிவப்புப் புள்ளி விழும். கடைசியில தினம் புள்ளி. சின்னச் சின்ன வார்த்தைக்கெல்லாம் புள்ளி. உசுரே போனாலும் ஒருத்தர்கிட்ட உதவி கேக்காத மனுஷன் தம்பி. அப்பப் பாத்து நீங்க பட்டியலைத் தூக்கிட்டீங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? எங்கண்ணன் குணம் எனக்குத் தெரியாதா?

ஆமா, கூடப்பொறந்தவன்தான். என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வார்த்தை வந்துச்சு, அது தடிச்சுப் போச்சு. அன்னிலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. சின்ன வயசுல பேனா மூடிய எல்லாம் கடிச்சுத் தொலைப்பான், அதான் மொட்டைப்பேனா. நான் வச்ச பேருதான். பட்டியல்ல அதைப் பாத்த அன்னிக்குத் தனியா உக்காந்து சிரிச்சேன், அழுதேன். அவனுக்கும் ஊசிமுனை யாருன்னு தெரியும். தெரியாமலா அப்படி மல்லுக்கு நின்னான்? காலையில அவன் பேரு வந்துட்டா, ஆளு நல்லா இருக்கான்னு நான் வேலையப் பாப்பேன்.

சொந்தக்காரங்ககிட்டயா? கேட்டா, தங்கச்சி இறங்கி வந்துட்டாளாம்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாங்க. இப்ப அதுகூடப் பரவாயில்ல தம்பி, அடிச்சுட்டுப் போகட்டும்.

போன் நம்பரா? இருக்கு. மனப்பாடமா இருக்கு. பஸ்ல வரும்போதுகூட எடுத்து எடுத்து வச்சேன். அவன் எடுத்து நாலு திட்டு திட்டினா, சந்தோஷமா வாங்கிப்பேன். அண்ணி எடுத்து, உனக்கு இப்பதான் தெரியுமான்னு கேட்டுட்டா?