ஈரத் தரை

மத்தியானம் மூன்று மணி. ஆள் நடமாட்டமில்லாத தெரு, அதன் கோடியில் ஒரு வீடு. பேய் வருகிற நேரமா இது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விளக்கை அணைக்க வேண்டாம். இந்தக் கதையில் இருட்டு எங்கும் வராது.

என் சிநேகிதியின் அண்ணிக்கு நடந்தது. ஆள் தனியாகச் செத்து, நாள் கழித்துத் தெரியவருகிற வீடுகள் உண்டு இல்லையா... உடலை எடுத்த பிறகு அங்கே போய்க் கழுவிக் கொடுப்பது அண்ணியின் வேலை. அதற்கு முன்பு பதினைந்து வருஷம் வீட்டு வேலை செய்தவள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "இங்க யாரும் குறுக்க நடக்க மாட்டாங்க" என்பாள்.

அந்த வீட்டுக் கிழவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். ஒன்பது நாள் யாருக்கும் தெரியாது. அவர் மகளைப் புருஷன் வெளியே தள்ளிவிட்டான். அன்று சாயங்காலமே ஐந்து வயதுப் பெண்ணோடு அவள் அங்கே குடிவர வேண்டும். போக வேறு இடம் இல்லை. போனில் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"என் பொண்ணு கண்ணுல எதுவும் படக்கூடாதுக்கா."

அண்ணி முதலில் நாற்காலியை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். ஜன்னல்களைத் திறந்தாள். மருந்து ஊற்றி, ஊறவிட்டு, சுரண்டி... ஐந்தரைக்கு வாடை போய்விட்டது. தரையும் வெளுத்துவிட்டது. இரண்டு இடம் தவிர.

நாற்காலி இருந்த இடத்துக்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பாதங்களின் அளவு. கறை என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீர் அங்கே ஏறவில்லை. ஊற்றினால் சுற்றிக்கொண்டு போனது. மாப்பைத் தள்ளினால் முட்டியது. முட்டியது என்றுதான் அண்ணி சொன்னாள். மெத்தென்று.

மணி ஆறு. மகள் வருகிற நேரம். அண்ணிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பழைய பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"காலக் கொஞ்சம் தூக்குங்க."

மாப் வழுக்கிக்கொண்டு போனது. இடம் முழுக்க நனைந்தது.

சிரிக்காதீர்கள். அண்ணியும் அங்கே சிரித்தாளாம். பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. வாளியை எடுத்துக்கொண்டு, முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். மகள் வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

நாலாம் நாள் மகள் கூப்பிட்டாள். வாடை இல்லை, கறை இல்லை. ஒரு சின்ன விஷயம்... குழந்தை ஹாலுக்குக் குறுக்கே நடக்க மாட்டேன் என்கிறாள். சுவர் ஓரமாகவே போகிறாள். கேட்டால், தாத்தா காலைத் தூக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாராம். இடிக்குமாம்.

பிறகு மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"கால் நடுங்குதாம்க்கா. தரை இன்னும் காயலையான்னு உங்களக் கேக்கச் சொன்னாராம்."

அண்ணி போனை வைத்துவிட்டாள். ஒரு வாரமாக மகள் கூப்பிடுகிறாள், இவள் எடுப்பதில்லை. என் சிநேகிதி திட்டினாள். காய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

"சொன்னா கால எறக்குவார்," என்றாளாம் அண்ணி. "அப்புறம்... எந்திரிப்பார்."