எண்ணெய்ச் சொட்டை முட்டை என்று எழுதாத கை

பணி நிறைவு பெறும் தலைமை ஆய்வக நுட்புநர் ஹப்சா அம்மையாரே! கண்டதைக் கண்டபடியும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதிய கலங்காத கரத்துக்கு உரியவரே! வணக்கம்.

உங்கள் பணிக்காலம் முழுவதையும் புகழ்ந்தால் இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது. அவையோர் அறிய ஒரே ஒரு முற்பகலைச் சொல்கிறோம்.

சிரங்குப் பூச்சியைக் கண்டறிய எந்த முறை மேல் என்று ஆய்வகம் ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலம். கத்தியால் தோலைச் சுரண்டிப் பார்ப்பது ஒன்று. டேப்பை ஒட்டி உரித்துப் பார்ப்பது மற்றொன்று. வெள்ளிமலை விடுதி மாணவி எழில்மதியின் கையில் சுரண்டியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. டேப்போ வழுக்கிக்கொண்டு வந்தது. மலைப் பிள்ளைகள் எல்லோரிடமும் டேப் தோற்றிருந்தது. அதைக் கைவிடுவதாகவே பேச்சு.

விடுதிக் காப்பாளர் ஜெயம்மாள் மணிக்கட்டைச் சொறிந்தபடி நின்றார். "பூச்சி இல்லன்னா இது வேற இன்னாமோ பெரிய வியாதிங்க. மத்த புள்ளைங்கள பெத்தவங்க சும்மா வுடமாட்டாங்க. இன்னிக்கே இவள வூட்டுக்கு அனுப்பிடறேன்."

சிறுமி தரையையே பார்த்தாள். வீட்டுக்குப் போனால் படிப்பு அத்தோடு முடிந்தது.

உடன் பணியாற்றிய அப்சல் மைக்ரோஸ்கோப்பிலிருந்து துள்ளி எழுந்தார். "மேடம், டேப்புல முட்டை! உருண்டையா கீது பாருங்க. பூச்சி இருக்குன்னு எழுதிடலாம், புள்ள பொழைச்சிக்கும்."

ஹப்சா குனிந்து பார்த்தார். எழுதிவிட்டால் சிறுமி தப்புவாள், யாரும் கேட்கப்போவதில்லை.

"எண்ணெச் சொட்டுப்பா அது. வுட்டா கடுகக்கூட முட்டைம்பே."

சொன்னவர் நெற்றி சுருங்கியது. டேப்பில் எண்ணெய் எப்படி வந்தது?

"கண்ணு, கையில இன்னா தடவினே?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு நாரு போட்டுத் தேச்சி, எண்ணெ தடவி இட்டாந்தாங்க. எல்லாரையும் அப்பிடித்தான்."

மரியாதைக்குப் பூசிய எண்ணெய். பழி டேப்பின் மேல். அதைச் சோதிக்க எண்ணெய் படாத கை ஒன்று வேண்டும். ஹப்சாவின் பார்வை ஜெயம்மாளின் மணிக்கட்டில் நின்றது.

"கைய நீட்டுங்க."

"எனக்கு எதுக்குங்க? இது கொசுக்கடிங்க!"

டேப் அழுந்த ஒட்டியது. மைக்ரோஸ்கோப்பில் பூச்சி கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. ஹப்சா எழுந்து, ஜெயம்மாளே பார்க்கட்டும் என்று நாற்காலியை விட்டார்.

"எனக்கேவா?"

"ஆமா. இப்ப ஒங்கள எந்த வூட்டுக்கு அனுப்பறது?"

எண்ணெயைத் துடைத்து ஒட்டியதும் சிறுமியின் கையிலும் அதே பூச்சி. காப்பாளர் உட்பட விடுதி முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து. எழில்மதி ஜீப்பில் ஜெயம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்து மலையேறினாள்.

அம்மையீர்! அன்று தப்பிய டேப், கத்தியைக் கண்டு அலறும் குழந்தைகளுக்காக இன்றும் மலையேறுகிறது. கண்ணின் கூர்மையும் காலின் வலிமையும் குன்றாமல் நெடுநாள் வாழுங்கள். இல்லாத முட்டையைப் பார்த்துவிடத் தோன்றும்போதெல்லாம் உங்கள் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
ஆய்வக ஊழியர்கள்,
கள்ளக்குறிச்சி.