அந்த ட்ரெய்லரைச் செய்தது நான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், விரி என்ற ஊரில் வெல்டிங் பட்டறை போட்டேன். பக்கத்து ஊரான மாசியில் வீடு கட்டினேன். கோயில் தேருக்கு இரும்புச் சட்டமும் அடித்தேன். உன்னால் முடியாது என்றவர்களே பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள்.

போன கிழமை பஸ்ஸில், கொளுத்தும் வெயிலில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெடியள்.

"மச்சான், நேற்றும் கராஜுக்குள்ள போய் ஸ்னோமொபைலில ஏறிக் குந்தியிருந்தனான்."

"விசரே உனக்கு? அந்த வண்டி ஓடப் பனி விழ இன்னும் எவ்வளவு மாசம் கிடக்கு!"

"நாங்கள் நாலு பேரும் வரிசையா அந்த மலைப் பாதையில ஓடினது கண்ணுக்குள்ளயே நிக்குதடா."

"ஓம். நாலு வண்டியையும் ஒரே ட்ரெய்லரில ஏத்தினபடியால் எல்லாரும் சேர்ந்து போனம்."

"அந்த ட்ரெய்லர் ஆர் செய்தது? நான்தானே!"

"நீயோ? உனக்கு ஆணி அடிக்கத் தெரியுமோ?"

"சத்தியமா மச்சான். பின்னால ஏத்தி முன்னால இறக்கிற ஐடியாவும் என்ர."

"அப்ப இனி உன்னைத்தான் கும்பிட வேணும்."

எனக்குத் தலை கொதித்தது. ட்ரெய்லர் செய்யச் சொல்லி என் பட்டறைக்கு வந்தபோது இவன் கேட்டது பின்கதவு மட்டும்தான். "உன்ர வண்டி பின்னுக்கு ஓடாதே, எப்பிடித் தம்பி இறக்குவாய்?" என்று கேட்டு, முன்கதவும் வைத்துக் கொடுத்தவன் நான்.

இறங்கும்போது என் முகத்தை நேரே பார்த்தான். அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

மலையில் ஓடிய சந்தோஷம் உங்களுக்கே இருக்கட்டும், தம்பிமாரே. அடுத்த பனிக்கு வண்டிகளை ஏற்றும்போது, இதைச் செய்தது விரிப் பட்டறைக் கிழவன் என்று கூட்டாளிகள் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும்.