கிட்ட வராத வெளிச்சம்

"வெளிச்சம் எதிராலை வந்தது அண்ணை, ஆனால் கிட்ட வரவேயில்லை."

ஊர்காவற்றுறை வள்ளத்தில், காலில் கட்டுப் போட்ட வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"கள்ளுக் குடிச்சிருந்தனீரோ?"

"இல்லையண்ணை! பொன்னாலைப் பாலத்திலை, மைமல் இருட்டு நேரம். திடீரெண்டு வெளிச்சம் பெருத்துது. கார் மேலை ஏறப்போகுதெண்டு வண்டியை ஒதுக்கினனான். கடலுக்கை விழுந்திட்டம். மாடு நுகத்தோடையே செத்துப்போச்சு."

"கார்?"

"அது எனக்கு முன்னாலை, அங்காலை போய்க்கொண்டிருந்தது!"

எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் கார் நினைவுக்கு வந்தது. அதன் பின்விளக்கில் சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. பிரேக் பல்ப் கருகியபோது வீட்டிலேயே புதியதைப் பூட்டி, கண்ணாடி இல்லாமலே ஓட்டினேன்; பிரேக் பிடித்தால் பின்னால் வருபவருக்கு வெள்ளை வெளிச்சம்தான் தெரியும். அன்று அந்தி நேரம் அந்தப் பாலத்தில் பிரேக் பிடித்தவன் நான்தான்.

கரையில் இறங்கும்போது வண்டிக்காரர் கால் ஊன்ற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், ஐயா."