ஆரோக்கியம் ஒன்று

– கையை நீட்டுக்கா. அஞ்சே மில்லி.

– இந்த மாசத்துல இது மூணாவது தடவைடா. இந்த இஸ்திரி ரூம்ல நின்னு நின்னு பாதி ஆவியாப் போயிட்டேன். மீதியை நீ குழாய்ல புடிச்சுட்டுப் போற. இரு, இந்தப் போர்வையை மடிச்சுட்டு வர்றேன்.

– மெதுவா மடி. லேப்ல எனக்காக யாரும் வழி பாத்துக்கிட்டு நிக்கல. மேடம் என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க.

– என்ன பண்ணித் தொலைச்ச?

– நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் உன் செல்லுங்க பண்ற வேலை.

– என் செல்லா?

– ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல, நோயோட சண்டை போடுறது. நோயாளிங்க ரத்தத்தை எல்லாம் உன்னோடதை வச்சுத்தான் ஒப்பிட்டுப் பாக்கறோம். நல்லா இருக்கற உடம்புன்னா எப்படி இருக்கணும்ங்கறதுக்கு நீதான் அளவு. குழாய் மேல பேரே 'ஆரோக்கியம் ஒன்று'. ஏழு வருஷமா.

– கட்டினவன் இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல.

– கேளு. மூணு மாசமா அதுங்க தூங்குது. ரசாயனத்தை ஊத்தி உலுக்கினா, மேனேஜர் வந்த மாதிரி திடுக்குன்னு நிமிருது, அப்பவே சாஞ்சுடுது. வைரஸைக் காட்டினா ஒத்தைக் கண்ணைத் திறந்து பாக்குது. புற்றுநோய் செல்லைப் பக்கத்துல விட்டேன். பஸ்ல நகந்து உக்கார்ற மாதிரி இடம் குடுக்குது!

– என் செல்லாச்சே, மரியாதை தெரிஞ்சது.

– சிரிக்காதக்கா. நான் கலக்கினதுலதான் கோளாறுன்னு மேடம் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சேன்னு என்ன, வேண்டிக்கவே செஞ்சேன். ஆறு தடவை திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்தேன், நான் மடையனா இருந்துட்டாத் தேவலையேன்னு. கடைசில பாத்தா, வாழ்க்கைல மொத தடவையா எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணியிருக்கேன்.

– டேய்... கண்ணைத் தொடச்சுக்கோ.

– அது இங்க கறை எடுக்கற மருந்தோட நெடி. எனக்கே இப்படின்னா, நாள் முழுக்க இதுல நிக்கற உனக்கு? அதனாலயும் இருக்கலாம். நாளைக்கே டாக்டரைப் பாக்கறோம். நான் லீவு சொல்லிட்டேன்.

– மொதல்ல ஃபாரத்தை எடு.

– எந்த ஃபாரம்?

– ஊசி குத்தறதுக்கு முன்னால கேட்டு எழுதணுமே, அது. அக்காதானேன்னு நீயே எல்லாத்துக்கும் 'இல்லை'ல டிக் அடிச்சுட்டு, என்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போவியே. இன்னிக்கு வாய்விட்டுப் படி.

– நல்ல நேரம் பாத்த விளையாட! சரி... காய்ச்சல் உண்டா?

– இல்ல.

– தற்போது ஏதாவது மருந்து உட்கொள்கிறீர்களா?

– ஆமா. நாலு மாசமா. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மார்ல கட்டி. டாக்டர் கரையுதுன்னுதான் சொல்றாரு, பயப்படாத. உன் செல்லுங்களை அந்த மாத்திரைதான்டா அடிச்சுப் போட்டிருக்கு.

– நாலு மாசமா? அக்கா, நான் அங்க மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடக்கறேன்... ஒரு வார்த்தை சொன்னா என்ன?

– சொல்லியிருந்தா ரத்தத்துக்கு வேற ஆளைப் பாத்திருப்ப. அப்புறம் நீ எதுக்குடா இந்தப் பக்கம் வரப்போற?