தோளில் வைத்த கை

என் பற்கள் இந்த வயதிலும் உறுதியாக இருக்கின்றன என்றால் அதற்குப் பல் டாக்டர்தான் காரணம். பயிற்சிக்கு வந்த முதல் நாளே எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்ன டப்பி கொடுத்தார். பல் இடுக்கில் விட்டு இழுக்கிற மெழுகு நூல். "உயிரைக் காப்பாத்துறதை மாஸ்டர் சொல்லித் தருவாரு, பல்லைக் காப்பாத்துறதை நான் சொல்லித் தரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகக் கேட்டால் என்னைத் தப்பாக எடைபோடுவீர்கள்.

கடற்குதிரைகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலர்களைப் பழக்குவது என் வேலை. வங்கி ஊழியர், பஸ் ஓட்டுநர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று யார் யாரோ வருவார்கள். கடற்குதிரை ஒரு விரல் நீளம்தான் இருக்கும். வாலைப் புல்லில் சுற்றிக்கொண்டால் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் முதலில் நீச்சல் குளத்தில் பிளாஸ்டிக் பொம்மைகளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வேன். கண் பழகிய பிறகுதான் கடல்.

எங்கள் விரிகுடாவின் அடியில் மாவு மாதிரி சேறு. துடுப்புக் காலால் ஒரு உதை விட்டால் போதும், மூக்குக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாது. ஆகவே நான் ஒரு முறை வகுத்தேன். இருவர் இருவராக இறங்க வேண்டும். ஒருவர் பார்ப்பவர், இன்னொருவர் காப்பவர். பார்ப்பவர் புல்லை மட்டும் பார்ப்பார். சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரைக்கூடத் தொடமாட்டார், கை அசையும் என்பதால். மீட்டர் முதுகுப் பக்கம் மாட்டியிருக்கும். காப்பவர் ஒரு கை தூரத்தில் பின்னால் இருந்து அதை வாசிப்பார். காப்பவர் தோளைத் தொட்டுக் கையை வைத்தால் பார்ப்பவர் அசையக் கூடாது. இரண்டு தட்டு தட்டினால் மேலே போக வேண்டும்.

தன் காற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். வேறு எங்காவது படித்துவிட்டு வந்தவர்கள் என் முறையைக் கேட்டு முகம் சுளித்தார்கள். டாக்டர் சுளிக்கவில்லை. "என்கிட்ட வர்றவங்களும் கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறந்து காட்டுறாங்க. அது மாதிரிதானே மாஸ்டர்" என்றார்.

எங்கள் கணக்கில் கடற்குதிரை இருக்கும்வரை விரிகுடாவை ஆழப்படுத்தக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. தோண்டும் கப்பல் வாசலிலேயே காத்துக் கிடந்தது. அந்தத் தடை என் வாழ்நாள் உழைப்பு. அப்படியிருக்க, ஒரு பருவத்தில் கடற்குதிரைகள் குறைந்தன. அடுத்த பருவத்தில் ஒன்றுகூட இல்லை. இறங்கியவர்கள் வெறுங்கையோடு ஏறி வந்தார்கள். திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். வரும்வரை தடை நிற்க வேண்டுமே.

அலங்கார மீன் விற்பவரிடம் கடற்குதிரைகள் கிடைத்தன. வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்த்தேன். தன்னார்வலர்கள் வருவதற்கு முன் நான் தனியாக இறங்கிப் புல்லில் விட்டுவிட்டு வருவேன். தொட்டியில் வளர்ந்தவை ஓரிடத்தில் நிற்கவில்லை, நீரோட்டத்தோடு போய்விட்டன. எனவே கட்டினேன். மெழுகு நூல் தண்ணீரில் இற்றுப்போகாது, கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது. வாலில் ஒரு சுற்று, புல்லில் ஒரு முடிச்சு. கட்டியவை சில நாட்களில் செத்துவிடும். வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பதுபோல மாற்றிவிடுவேன்.

என் மனைவி மேசையில் நூல் துண்டுகளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏங்க, வாயில்லா ஜீவனைக் கட்டிப்போட்டு என்னத்தைக் காப்பாத்தப் போறீங்க?" என்றாள். கப்பல் தோண்டினால் மொத்த ஜீவனும் போய்விடுமே என்றேன். அவள் நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வேறு மாதிரி. ஒரு நாள், ஈர உடைகளைத் தொங்கவிடும் அறையில் எல்லோரும் போன பிறகும் நின்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், அது நான் குடுத்த நூல்."

"எது டாக்டர்?"

"தினமும் அதைத்தானே கையில பிடிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். வலிக்குமோ என்று பயந்து வந்த நோயாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசினார். "நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். திரும்ப முதல்லேர்ந்து தேடலாம். இல்லைன்னா இல்லைன்னு எழுதலாம், மாஸ்டர். அதுவும் கணக்குதானே?"

அவர் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னவரை என்ன செய்வது? அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தபோது எனக்கு அவர்மேல் வெறுப்பே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"சொல்லிடறேன் டாக்டர். அதுக்கு முன்னாடி பழைய படகுத்துறைக்கு அடியில ஒருதரம் பார்த்துடலாம். அங்க நிஜமாவே இருக்கலாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைத்தான் இப்போதும் பார்க்கிறேன்.

படகுத்துறை பாதி இடிந்து விழுந்து கிடக்கிறது. அடியில் நுழைந்தால் தலைக்கு மேலே பலகையும் இரும்பும்தான், நேராக மேலே வர முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டும். சிலிண்டர்களை நிரப்பியது நான். அவருடையதில் பாதிகூட நிரப்பவில்லை. இறங்கும் முன் காப்பவர் மீட்டரை வாசித்துச் சொல்வது எங்கள் முறை. "ஃபுல் டாக்டர்" என்றேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டினார்.

உள்ளே ஒரு தூணில் பழைய வலை சுற்றிக் கிடந்தது. அவர் அதன் எதிரே மண்டியிட்டார். நான் தோளில் கையை வைத்தேன். அவர் அசையவில்லை. நான் பழக்கியவர்களில் அவர் அளவுக்கு அசையாமல் இருந்தவர் யாரும் இல்லை. மீட்டரின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவர் திரும்பிக் கையை நீட்டியபோது அந்த ஒரு கை தூரத்தில் நான் இல்லை. சேற்றைக் கலக்கிவிட்டிருந்தேன், நான் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். சேற்றில் வழி தவறிவிட்டார் என்றேன், எல்லோரும் நம்பினார்கள். அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா எதையாவது பார்த்தாளா மாஸ்டர்? பார்க்கணும் பார்க்கணும்னு குதிச்சிட்டிருந்தா" என்று கேட்டார். பார்த்தார் என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் கை என் தோளில் இருந்தவரை நானும் அசையவில்லை.

அதன் பிறகுதான் வீட்டில் தொந்தரவு. தொட்டியில் காற்றுக் குமிழி விடும் மோட்டார் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடற்குதிரைகள் இப்போது அதில் இல்லை, ஆனாலும் ஓட வேண்டும். போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெறும் தொட்டிக்கு எதற்குக் கரண்ட் என்று மனைவி அணைத்துவிட்டாள். குமிழி நின்றது. நின்றதும் என் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. ஈரமான, கனமான கை. எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தேனோ தெரியாது. "ஏங்க, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று அவள் கத்தியது மட்டும் காதில் விழுந்தது. இரண்டு தட்டு வரும் என்று காத்திருந்தேன். இன்னமும் வரவில்லை. உங்களிடம் பேசும்போதுகூட அந்தக் கை இங்கேதான் இருக்கிறது.

ஒன்று பாக்கி. டாக்டரின் கணவரிடம் நான் சொன்னது பொய் இல்லை. தோளிலிருந்து நான் கையை எடுப்பதற்கு முன், டாக்டர் சுண்டுவிரலைக் கொக்கிபோல வளைத்துக் காட்டினார். கடற்குதிரைக்கு எங்கள் சைகை அது. எட்டிப் பார்த்தேன். வலையில் ஒன்று இருந்தது. நூல் இல்லை. யாரும் விட்டது இல்லை. வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்த ஆண். அவர் திரும்பாமலேயே அந்த விரலை மறுபடியும் மறுபடியும் வளைத்தார், குழந்தை மாதிரி. அப்போது மீட்டரில் அவர் வெளியே வந்துசேரும் அளவுக்குக் காற்று இருந்தது. இரண்டு தட்டு தட்டியிருக்கலாம். ஆனால் தட்டினால் அவர் அசைவார், அவர் அசைந்தால் சேறு கலங்கும், அது பயந்து போய்விடும் என்று நினைத்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். கணக்கில் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று அங்கே ஒன்று இருந்தது. டாக்டரே பார்த்தார்.