பச்சை ஸ்வெட்டரின் ஓரம்

சாயங்காலம் ஐந்து மணி. நவம்பர்... ஐந்துக்கே கும்மிருட்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் நென்கா தனியாக நடந்து வந்தாள். என் நண்பன் ரங்கெலின் சித்தி, அவன் அம்மாவின் தங்கை. கோட்டுப் பையில் ஒரு பென்டிரைவ். அதில் கம்ப்யூட்டரைப் புதிதாக ஓடவைக்கும் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது ரங்கெல்தான். அடுப்புக்குக் கிட்டே வாருங்கள்... அவனே என்னிடம் சொன்னது இது.

நென்கா இரண்டாம் தாரம். மூத்தவள் மிலேனா செத்து ஆறு வருடம். நவம்பரில் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தால் நென்காவின் புருஷன் பெத்கோ வாசல் கதவில் மிலேனாவின் அஞ்சலித் தாளை ஒட்டுவார். நாம் எல்லோரும் ஒட்டுகிறோம், சரி. இந்த மனுஷன் வருடாவருடம் வேறு படம் தேடுவார். படமெல்லாம் மிலேனாவின் பழைய லேப்டாப்பில். "எதுல அழகா இருக்கா, பாத்துச் சொல்லு" என்று நென்காவிடமே கேட்பார். வயிறு எரியுமா, எரியாதா?

அந்த வருடம் லேப்டாப் படுத்துவிட்டது. திறந்தால் உள்ளே விசிறி மட்டும் ஊளையிடும்.

"உள்ள இருக்கிறது ஒண்ணும் போயிடக் கூடாது, நென்கா."

"போகாது. ரங்கெல்கிட்ட கேட்டு நானே சரி பண்றேன்."

ரங்கெல் தெளிவாகத்தான் சொல்லியிருந்தான். "சித்தி, ஒரு இடத்துல கேக்கும். பழசுக்குப் பக்கத்துலயே புதுசை வைக்கவா, இல்ல பழசை மொத்தமா அழிச்சிடவான்னு. நீங்க பக்கத்துல வைங்க."

"பக்கத்துல இருந்து நான் பட்டது போதாதாடா?" என்று சிரித்தாளாம். அவனும் சிரித்திருக்கிறான், பாவி.

பெத்கோ வெளியே போயிருந்தார். லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினாள். கேள்வி வந்தது. அழி என்று அமுக்கினாள். திரையில் கோடு மெல்ல நகர்ந்தது... விசிறி அடங்கியது... வீடே அடங்கியது. யார் பெயர் என்று கேட்டது. நென்கா என்று அடித்தாள். அவ்வளவு சந்தோஷம். அடுத்து, படம் வேண்டும் என்று கேமரா விழித்தது. தலையை வாரினாள். முந்தின ஞாயிறு சந்தையில் வாங்கிய பச்சை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

டிக்.

சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை வாசனை. செத்தவர்களுக்குப் படைப்போமே, அது. அன்று அவள் அடுப்பே மூட்டவில்லை. இடது தோள் கொஞ்சம் கனத்தது...

டிக். இந்த முறை அவள் அமுக்கவில்லை. படம் எப்படி வந்தது என்று பார்ப்பதற்குள் திரை மாறிவிட்டது.

பெத்கோ வந்தார். "எல்லாம் போயிடுச்சுங்க, காப்பாத்த முடியல" என்று கண்ணைக் கசக்கினாள். அவர் லேப்டாப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நின்றாள்.

"இவ்வளவு அழகான படம் நான் பாத்ததே இல்ல," என்றார்.

தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை வாசலுக்கு வந்தால்... கதவில் புதுத் தாள். மிலேனா சிரிக்கிறாள். அவள் கை யாருடைய தோளிலோ. ஆளைக் காணோம். விரல்களுக்குக் கீழே பச்சை ஸ்வெட்டர் ஓரம் மட்டும்.

"உன்னை வெட்டிட்டேன், தப்பா நினைக்காத," என்றார் பெத்கோ. "உயிரோட இருக்கிறவங்க இதுல வரக் கூடாதில்ல? ரெண்டு பேரும் எப்ப சேர்ந்து எடுத்தீங்க?"

போன வாரம் அந்த வீட்டுப் பக்கம் போனேன். இந்த வருடமும் அதே படம்தான் ஒட்டியிருக்கிறார்.

இந்த முறை வெட்டவில்லை.